எலும்பைக் கரைத்து ஓர் ஓடு

வீட்டுப் பறவைகள்: கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வயதான பெட்டைகளின் முட்டையைப் பற்றியே கேட்கின்றன. பக்கம் முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டேன். நான் கால்நடை மருத்துவர் அல்ல. பல வருடம் பறவை வளர்த்து, மருத்துவர்களிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

கே: எங்கள் காக்டெயில் கிளிக்கு 9 வயது. தனியாகத்தான் வளர்கிறாள். திடீரென்று ஒரே வாரத்தில் 3 முட்டை! அக்கம்பக்கத்தில் "இனிப்பு எங்கே?" என்கிறார்கள். கொண்டாடலாமா அக்கா?
– வாசகி, மேற்கு மாம்பலம்

ப: இனிப்பைத் தள்ளிப்போடுங்கள். முதலில் அவள் எடையைப் பாருங்கள்.

காக்டெயிலின் எடை சுமார் 90 கிராம். அவள் முட்டை ஒன்று 5 முதல் 6 கிராம் இருக்கும். 60 கிலோ எடையுள்ள ஒரு பெண் மூன்றரைக் கிலோக் குழந்தையை ஒருநாள் விட்டு ஒருநாள் பெற்றுக்கொண்டே போனால் எப்படியோ, அப்படி. ஒரு தடவை இடத் தொடங்கினால் 4 முதல் 7 வரை போகும்.

இதில் பெரிய செலவு ஓடு. அது ஏறக்குறைய முழுக்கவே சுண்ணாம்பு. முட்டைக் காலம் நெருங்கும்போது பெட்டையின் கால் எலும்புகளுக்குள் தற்காலிகமாக ஒரு கால்சியச் சேமிப்பு உண்டாகும். ஓடு கட்டும் நேரத்தில் உடல் அதிலிருந்து எடுத்துக்கொடுக்கும். எடுத்தது தீவனத்தின் வழியே திரும்ப வந்து சேர்ந்தால் பிழைத்தாள். வராவிட்டால் சேமிப்பு காலியாகி, உண்மையான எலும்பே கரையத் தொடங்கும். ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் தசை சரியாகச் சுருங்காது. முட்டைக் குழாய் என்பதும் தசைதானே? முட்டை பாதி வழியில் நின்றுவிடும். வயதான பெட்டையின் முட்டை தொடர்பான தொல்லைகளில் நிறைய இந்த ஓர் இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன.

9 வயதில் ஒருத்தி இட்டாள் என்றால் வீட்டில் ஏதோ ஒன்று அவளுக்கு "இது முட்டைக் காலம்" என்று சொல்லியிருக்கிறது. அது என்ன என்பதைக் கீழே வரும் கடிதங்களில் கண்டுபிடித்துவிடலாம்.

கே: எலும்புக்குள் சேமிப்பா? கேள்விப்பட்டதே இல்லையே!
– கல்லூரி மாணவர், கும்பகோணம்

ப: தம்பி, டைனோசர் காலத்திலிருந்தே உண்டு. 2005-ல் மேரி ஷ்வைட்சர் என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழு, 6 கோடியே 80 லட்சம் ஆண்டுப் பழைமையான டைரனோசரஸ் ரெக்ஸ் ஒன்றின் தொடை எலும்புக்குள் இதே போன்ற படிவத்தைக் கண்டது. அது பெண், முட்டையிடும் காலத்தில் இருந்தது என்று அந்த எலும்பை வைத்தே சொன்னார்கள்.

கே: ஆண் பறவையே இல்லாமல் எப்படி முட்டை வரும்? குஞ்சு பொரியுமா?
– இல்லத்தரசி, நாகர்கோவில்

ப: கடையில் வாங்கும் கோழிமுட்டைக்கு மட்டும் சேவல் இருந்ததா என்ன? முட்டை உருவாக ஆண் தேவையில்லை. குஞ்சுக்குத்தான் தேவை. விதிவிலக்காக, கலிபோர்னியா காண்டர் என்ற பெருங்கழுகினத்தில் தகப்பன் இல்லாமலே 2 குஞ்சுகள் பிறந்திருந்ததை 2021-ல் மரபணுச் சோதனை காட்டியது. உங்கள் வீட்டுக் கூண்டில் அதை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டாம்.

கே: முட்டை இட இட எடுத்து வீசிவிடுகிறேன். கூண்டு சுத்தமாக இருக்க வேண்டுமே! ஆனால் அவள் நிறுத்துவதாக இல்லை. 11 முட்டை ஆகிவிட்டது.
– வாசகர், ஈரோடு

ப: வீசுவதை இன்றே நிறுத்துங்கள். அவள் நிறுத்தாததற்குக் காரணமே அதுதான்.

பல பறவைகளுக்கு வயிற்றின் கீழே முட்டைகள் படும் உணர்வுதான் "போதும், அடைக்கு உட்கார்" என்கிற கட்டளை. முட்டை காணாமல் போனால் பாம்போ காக்கையோ கொண்டுபோய்விட்டது என்று அவள் உடம்பு முடிவு கட்டிக்கொள்ளும். ஈடுசெய்ய மறுபடி இடும். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் ஒருவர் காட்டு மரங்கொத்தி ஒன்றின் பொந்திலிருந்து தினமும் முட்டையை எடுத்துக்கொண்டே வந்தார். அந்தப் பறவை 73 நாளில் 71 முட்டை இட்டது. படிக்கும்போதே எனக்கு வயிறு கலங்கியது.

இட்ட முட்டைகளை அப்படியே விடுங்கள். எறும்பு மொய்க்கும், உடையும் என்று பயமிருந்தால் அதே அளவில் பிளாஸ்டிக் முட்டையோ மர முட்டையோ மாற்றி வையுங்கள். அவள் 3 வாரம் உட்காருவாள். ஒன்றும் பொரியாது என்று தெரிந்தபின் தானாகவே எழுந்து வருவாள். அதுவரை பெரிது பெரிதாக, நாற்றத்தோடு எச்சம் போடுவாள். அடைக்கு இருப்பவர்கள் அடக்கி வைத்துப் போடுவது வழக்கம், பயப்படாதீர்கள். அவள் எழுந்த பிறகு முட்டைகளையும், அவள் கூடாக நினைத்த மூலையையும் ஒன்றாக அகற்றிவிடுங்கள்.

11 முட்டை என்பது அதிகம். மருத்துவரிடம் காட்டிக் கால்சியம் நிலையைப் பார்த்துவிடுவது நல்லது.

கே: நேற்று மாலையிலிருந்து என் பறவை கூண்டின் தரையில் உட்கார்ந்திருக்கிறாள். சிறகை உப்பிக்கொண்டு, வாலை மேலும் கீழுமாக ஆட்டுகிறாள். முக்குகிற மாதிரி இருக்கிறது. பாட்டி விளக்கெண்ணெய் தடவச் சொல்கிறார். தடவலாமா?
– வாசகி, தூத்துக்குடி

ப: கடிதத்தைப் பார்த்ததும் உங்களைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

இது முட்டை அடைத்துக்கொண்டதன் அடையாளம். கம்பியில் நிற்க முடியாமல் தரைக்கு வருவது, காலை அகட்டி நிற்பது, முக்குவது, மூச்சுக்கு மூச்சு வால் ஆடுவது, எச்சம் நின்றுபோவது. சிலருக்குக் கால் மரத்து விழும், ஏனென்றால் முட்டை காலுக்குப் போகும் நரம்பை அழுத்துகிறது. இதில் இரண்டு சேர்ந்து தெரிந்தாலே போதும், மருத்துவரிடம் கிளம்புங்கள். "காலையில் பார்க்கலாம்" என்று படுத்துவிடாதீர்கள். சிறு பறவைக்கு ஓர் இரவு என்பது மிக நீண்ட நேரம்.

பாட்டியின் அக்கறைக்குக் குறையில்லை. ஆனால் எண்ணெய் வேண்டாம். எண்ணெய் சிறகில் பட்டால் சிறகு குளிர் தாங்காது. பஞ்சு நனைந்த மாதிரி ஆகிவிடும். துவாரத்துக்குள் விரலோ பஞ்சுக் குச்சியோ விட்டால் உள்ளே கிழியும். வயிற்றை அமுக்கி முட்டையைத் தள்ளுவது எல்லாவற்றையும்விடக் கொடுமை. ஓடு உள்ளே உடைந்தால் அதன் சில்லுகள் குழாயை அறுக்கும். அமுக்கலில் குழாயே வெளியே பிதுங்கியும் வரலாம்.

கிளம்பும்வரை செய்ய வேண்டியது மூன்றே. ஒரு சிறிய அட்டைப்பெட்டியில் மெத்தென்று துணி விரித்து வையுங்கள். 29 முதல் 32 டிகிரி வெதுவெதுப்பு இருக்கட்டும். பக்கத்தில் வெந்நீர்க் கிண்ணம் வைத்தால் காற்றில் ஈரம் ஏறும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அறையே அந்தச் சூட்டில்தான் இருக்கும், விளக்குப் போடத் தேவையில்லை. மார்கழியில் போடுங்கள். வாயைத் திறந்து மூச்சு வாங்கி, இறக்கையை விரித்தால் சூடு அதிகம் என்று அர்த்தம்.

கே: மருத்துவர் என்ன செய்வார்? கத்தி வைப்பாரா?
– வாசகர், வேலூர்

ப: பெரும்பாலும் ஊசியில் தொடங்குவார். எக்ஸ்-ரேயில் முட்டை எங்கே நிற்கிறது, ஓடு கட்டியிருக்கிறதா, ஒன்றா இரண்டா என்று தெரிந்துகொள்வார். வெதுவெதுப்பு, குளுக்கோஸ் நீர், கால்சியம் ஊசி – பல பறவைகள் இந்த மூன்றிலேயே சில மணி நேரத்தில் முட்டையை இட்டுவிடும். தேவைப்பட்டால் குழாயைச் சுருங்க வைக்கும் மருந்து கொடுப்பார். அதிலும் வரவில்லையென்றால் மயக்கம் கொடுத்து, முட்டைக்குள் ஊசி செலுத்தி உள்ளிருப்பதை உறிஞ்சி, ஓட்டைச் சுருக்கி எடுப்பது ஒரு முறை. கத்தி கடைசியில்தான்.

சுருங்க வைக்கும் மருந்தை யாராவது கடையில் வாங்கிக் கொடுக்கச் சொன்னால் கேட்காதீர்கள். வழி அடைத்திருக்கும்போது குழாயைச் சுருக்கினால் குழாய் கிழிந்துபோகும்.

கே: நாய்க்கும் பூனைக்கும் செய்கிற மாதிரி கருத்தடை அறுவை செய்துவிட்டால் ஒரேயடியாகத் தொல்லை தீருமே?
– வாசகர், கோயம்புத்தூர்

ப: தீராது. பெரும்பாலான பறவைகளில் இடப்பக்கச் சினைப்பை ஒன்றுதான் வேலை செய்யும். அது முதுகுப்புறச் சுவரில், பெரிய ரத்தக் குழாய்களின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைப் பிரித்தெடுப்பது என்பது கிட்டத்தட்ட நடக்காத காரியம். முட்டைக் குழாயை மட்டும் எடுக்க முடியும். அதையும் வேறு வழியே இல்லாதபோது, பறவை மருத்துவத்தில் கைதேர்ந்தவரிடம்தான் செய்ய வேண்டும். சினைப்பை உள்ளேயே இருப்பதால் அதன்பிறகும் மஞ்சள் கரு வயிற்றுக்குள் விழும் அபாயம் கொஞ்சம் இருக்கும்.

இன்னொரு வழி ஹார்மோன். டெஸ்லோரெலின் என்ற மருந்தைச் சிறு குச்சியாகத் தோலுக்கடியில் வைத்தால் சில மாதங்கள் முட்டை நிற்கும். திரும்பத் திரும்ப இட்டுத் தளரும் பறவைகளுக்கு இது பெரிய வரம். உங்கள் மருத்துவரிடம் பெயர் சொல்லியே கேளுங்கள்.

கே: எங்கள் பட்ஜி கிளி 2 மாதமாக முட்டையே இடவில்லை. வயிறு மட்டும் உப்பிக்கொண்டே வருகிறது. கொழுப்பா?
– வாசகி, காரைக்குடி

ப: கொழுப்பாகவும் இருக்கலாம். ஆனால் நீங்கள் சொல்வதில் எனக்குப் பயம் "முட்டையே இடவில்லை" என்பதில்தான். இட்ட முட்டையைவிட இடாத முட்டை ஆபத்தானது.

சினைப்பையிலிருந்து மஞ்சள் கரு விடுபடும்போது குழாயின் வாய் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். வயதாகும்போதோ, குழாயில் சீழ் பிடித்திருக்கும்போதோ, குழாய் அடைபட்டிருக்கும்போதோ பிடி நழுவும். மஞ்சள் கரு நேரே வயிற்றுக்குள் விழுந்து, அங்கே அழற்சியைக் கிளப்பி நீர் கோக்க வைக்கும். பறவைக்கு நம்மைப்போல் மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே உதரவிதானம் கிடையாது. வயிறு வீங்கினால் காற்றுப்பைகள் நசுங்கி மூச்சு முட்டும். சினைப்பையில் நீர்க்கட்டியும் கழலையும்கூட இதே வீக்கத்தைக் காட்டும். எது என்று ஸ்கேன்தான் சொல்லும். இந்த வாரமே போங்கள்.

கே: 6 வயது பட்ஜி. ஒரு கால் மட்டும் நொண்டுகிறது. அடிபட்டதாகத் தெரியவில்லை.
– வாசகர், திருப்பத்தூர்

ப: காலைப் பார்க்கும் முன் வயிற்றைப் பாருங்கள். காலுக்கு இறங்கும் நரம்பு சிறுநீரகத்தின் ஊடாக வருகிறது. அங்கேயோ சினைப்பையிலோ கழலை வளர்ந்தால் முதலில் நொண்டுவது கால். பட்ஜிகளுக்குக் கழலை அதிகம் வரும்.

கே: லவ் பேர்ட்ஸின் மூக்குக்கு மேலே பழுப்பாகத் தடித்துப் பொருக்குத் தட்டியிருக்கிறது. புண்ணா?
– பள்ளி மாணவி, சிதம்பரம்

ப: கண்ணு, நம் ஊர்க் கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்று விற்பது பெரும்பாலும் பட்ஜிதான். பெட்டைக்கு மூக்கின் மேல் அப்படிப் பழுப்பாகத் தடித்தால் அவள் முட்டையிடத் தயாராகிறாள் என்று பொருள். பெயர்த்து எடுக்காதே. வருடம் முழுக்க அப்படியே இருந்தால் ஹார்மோன் கூடுதலாக ஓடுகிறது, மருத்துவர் பார்க்கட்டும். நீலமூக்கு ஆணுக்குப் பழுப்பாக மாறினால் விந்தகத்தில் கழலை இருக்கலாம், அப்போது தாமதிக்கக் கூடாது என்று அப்பாவிடம் சொல்.

கே: கடைக்காரர் பானையைக் கூண்டிலேயே கட்டி வைக்கச் சொன்னார். ஜோடி 5 வருடமாகக் குஞ்சு பொரித்துக்கொண்டே இருக்கிறது. பெட்டை இப்போது மெலிந்து தெரிகிறாள்.
– வாசகர், திருவள்ளூர்

ப: பானையை அவிழ்த்துவிடுங்கள். இன்றைக்கே.

மண்பானை தொங்கும்வரை அவளுக்கு ஓய்வு கிடையாது. இருட்டான பொந்து, பக்கத்தில் ஜோடி, வேளை தவறாத தினை. ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்தில் மழை பெய்து புல் விதை கொட்டிக் கிடக்கும் நல்ல காலத்தில்தான் பட்ஜியும் காக்டெயிலும் கூடு தேடும். வறட்சி வந்தால் நிறுத்திவிடும். நம் கூண்டில் வறட்சியே வருவதில்லை. 365 நாளும் நல்ல மழைக்காலம். அவள் உடம்புக்கு நிறுத்து என்று சொல்ல யாருமில்லை, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

வருடத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் எந்தப் பெட்டையையும் அடைக்கு விடாதீர்கள். 5 வருடம் உழைத்தவளுக்கு இனி அதுவும் வேண்டாம். ஜோடி சேர்ந்தே இருக்கட்டும், பானை மட்டும் வேண்டாம். விற்கும் குஞ்சுகளின் காசைவிட அவள் எலும்பு பெரிது.

கே: கால்சியத்துக்கு என்ன கொடுப்பது? தினையும் சூரியகாந்தி விதையும் தவிர எதையும் தொடுவதில்லை.
– வாசகி, சேலம்

ப: வெறும் விதையில் கால்சியமும் வைட்டமின் ஏ-யும் குறைவு, சூரியகாந்தியில் கொழுப்பு மட்டும் தாராளம். கொழுத்த பெட்டைக்கு முட்டை இறங்குவதும் கஷ்டம். இரண்டு பக்கமும் இடி.

கணவாய் ஓட்டைக் கூண்டில் செருகி வையுங்கள், நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேட்டால் கிடைக்கும். முருங்கைக்கீரையைக் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டால், மேயும் சுகத்துக்காகவே கொத்துவார்கள். பசலையை நம்ப வேண்டாம். அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தை உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும். கேரட், பரங்கிக்காய் வைட்டமின் ஏ-க்கு. கோழிமுட்டை ஓட்டை நன்றாகக் கொதிக்கவைத்து, காயவைத்து, பொடித்தும் வைக்கலாம். விதைப் பழக்கத்தை ஒரே நாளில் நிறுத்தாதீர்கள், பட்டினி கிடந்துவிடும். வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள்.

இவ்வளவு கொடுத்தும் வைட்டமின் டி3 இல்லையென்றால் கால்சியம் குடலைத் தாண்டி உள்ளே போகாது. அதற்கு இளவெயில் வேண்டும். ஜன்னல் கண்ணாடிக்கு உள்ளே வைத்துவிட்டு வெயில் காட்டியதாக எண்ணுகிறவர்கள் பலர். வைட்டமினை உண்டாக்கும் புறஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். காலையில் கூண்டை மாடியிலோ பால்கனியிலோ வைத்து, பாதிக்கு நிழல் கொடுத்து, கூடவே நீங்களும் உட்காருங்கள். பூனையும் காக்கையும் காத்திருக்கும்.

கடையில் வாங்கிய டானிக்கை அளவில்லாமல் ஊற்றாதீர்கள். டி3 மிஞ்சினால் சிறுநீரகம் கெடும்.

கே: என் பறவை என்றால் எனக்கு உயிர். மடியில் வைத்து முதுகைத் தடவிக்கொண்டே சீரியல் பார்ப்பேன். இரவு 11 மணிவரை எனக்குத் துணை அவள்தான். இதனால் ஏதும் கெடுதல் உண்டா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, மன்னார்குடி

ப: டீச்சர், உங்களுக்கு இதை எழுதத் தயக்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்ல வேண்டும்.

முதுகு, இறக்கைக்கு அடியில், வால் பக்கம் – இவை ஜோடிப் பறவை தொடும் இடங்கள். நீங்கள் பாசத்தில் தடவுகிறீர்கள். அவள் உடம்பு அதை, துணை கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறது. இரவு 11 மணிவரை வெளிச்சம் என்றால் பகல் நீண்டுவிட்டது, இனப்பெருக்கக் காலம் வந்துவிட்டது என்று மூளை கணக்குப் போடும். மேற்கு மாம்பலம் வாசகிக்கும் இதுதான் என் சந்தேகம்.

தலையையும் கழுத்தையும் மட்டும் வருடுங்கள். அதிலேயே கண்ணை மூடிச் சொக்கிப்போவாள். மாலை 6 அல்லது 7 மணிக்கு அமைதியான, இருட்டான அறையில் கூண்டை வைத்துத் துணி போர்த்துங்கள். 12 மணி நேரத்துக்குக் குறையாத இருட்டு வேண்டும். முட்டையிடும் பழக்கம் உள்ளவளுக்கு 14 மணி நேரம். கூண்டில் முகம் பார்க்கும் கண்ணாடி இருந்தால் எடுத்துவிடுங்கள். அலமாரி இடுக்கு, சோபாவுக்கு அடி, திறந்த டிராயர் எதிலும் நுழையவிடாதீர்கள். காகிதத்தைக் கிழித்து ஓரிடத்தில் சேர்க்கிறாளா, அதையும் எடுத்துவிடுங்கள். தீவனத்தைக் கிண்ணம் நிறைய வைப்பதை விட்டு, தேடிக் கொத்தும்படி மறைத்து வையுங்கள். கூண்டுக்குள் கம்பிகளின் இடத்தை அடிக்கடி மாற்றுங்கள்.

உங்கள் துணை உங்களுக்குப் போகவில்லை. பகல் முழுவதும் அவள் உங்களுக்குத்தான்.

கே: கோடையில் எங்கள் நாட்டுக்கோழிகள் தோல்முட்டை இடுகின்றன. தீவனம் அதே தீவனம்தான். வயதான கோழிகள்தான் அதிகம் இடுகின்றன.
– விவசாயி, மணப்பாறை

ப: ஐயா, தீவனம் மாறவில்லை, மூச்சு மாறிவிட்டது. கோழிக்கு வியர்க்காது. வாயைத் திறந்து இரைத்துத்தான் சூட்டை வெளியே தள்ளும். இரைக்க இரைக்க ரத்தத்திலுள்ள கரியமில வாயு வெளியேறிவிடும். ஓட்டின் கார்பனேட் அங்கிருந்துதான் வர வேண்டும்; குறைந்துபோனதால் ஓடு மெலிகிறது. வயதான கோழிக்கு இன்னொன்றும் சேர்கிறது. முட்டை பெரிதாகிக்கொண்டே போகும், ஓட்டுக்கான கால்சியம் அதே அளவுதான். ஒரே மாவில் பெரிய தோசை ஊற்றினால் மெல்லிசாகத்தானே வரும்?

நிழல், காற்று, குளிர்ந்த தண்ணீர், கிளிஞ்சல் தூள். தீவனத்தை வெயில் ஏறும் முன்பும் மாலையிலும் வையுங்கள்.

கே: முட்டைப் பண்ணையிலிருந்து கழித்த கோழி இரண்டை விலைக்கு வாங்கி வளர்க்கிறேன். அடிக்கடி நோய்வாய்ப்படுகின்றனவே, ஏன்?
– வாசகர், நாமக்கல்

ப: அவற்றின் மூதாதையான செங்காட்டுக்கோழி வருடத்துக்கு 10, 15 முட்டை இடும். பண்ணைக்கோழி 300-ஐத் தாண்டும். உங்கள் வீட்டுக்கு வரும்போதே எலும்பு பலவீனமாகத்தான் வந்திருக்கும். சினைப்பைப் புற்றுநோய் இந்தக் கோழிகளுக்குத் தானாகவே வருகிறது. அதனால்தான் பெண்களுக்கு வரும் சினைப்பைப் புற்றை ஆராய்கிறவர்கள் முட்டைக்கோழியை மாதிரியாக எடுத்துக்கொள்கிறார்கள். ரப்பர் போல அடுக்கடுக்காக ஏதேனும் கட்டி விழுந்தால் அது கோளாறான முட்டை அல்ல, குழாய்க்குள் உறைந்த சீழ். மருத்துவரிடம் அதையும் எடுத்துப்போங்கள். மருந்து கொடுக்கும் நாட்களிலும், மருத்துவர் சொல்லும் கெடு முடியும்வரையும் அந்த முட்டையைச் சாப்பிடாதீர்கள். அவற்றுக்கு இடம் கொடுத்ததற்கு என் நன்றி.

கே: எங்கள் 6 வயதுப் பெட்டைக்கோழி முட்டையை நிறுத்திவிட்டு, சேவல் மாதிரி கூவுகிறது! குடும்பத்துக்கு ஆகாது, அறுத்துவிடு என்கிறார்கள் பெரியவர்கள்.
– வாசகி, விருதுநகர் மாவட்டம்

ப: அறுக்கவிடாதீர்கள். அது சகுனம் இல்லை, நோயின் விளைவு.

வேலை செய்த இடப்பக்கச் சினைப்பை கட்டியாலோ சீழாலோ கெட்டுப்போனால் பெண் ஹார்மோன் வற்றிவிடும். அப்போது பிறந்ததிலிருந்து சும்மா கிடந்த வலப்பக்க உறுப்பு சில கோழிகளில் விந்தகம்போல வளரத் தொடங்கும். கொண்டை பெரிதாகும், கால்முள் முளைக்கும், கூவும்.

இந்தப் பயம் நமக்கு மட்டுமானதும் அல்ல. 1474-ல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தில் ஒரு "சேவல்" முட்டையிட்டது என்று வழக்கு நடத்தி, அதைக் கம்பத்தில் கட்டி எரித்தார்கள். முட்டையையும் சேர்த்து எரித்தார்கள். அது சேவல் வேடத்திலிருந்த பெட்டையாக, உங்கள் கோழியைப்போல் சினைப்பை கெட்ட ஒரு கோழியாக இருந்திருக்கக்கூடும். நோயாளியை நிறுத்தி வைத்து எரித்திருக்கிறார்கள். 550 வருடம் கழித்து நாமும் அதையே செய்ய வேண்டுமா? வயிறு வீங்கியிருக்கிறதா, தின்கிறதா என்று பாருங்கள். தின்று, நடந்து, கூவிக்கொண்டிருந்தால் கூவட்டும்.

கே: பெண்களுக்கு மாதவிடாய் நிற்பதுபோல் பறவைக்கும் ஒரு வயதில் முட்டை நின்றுவிடாதா? அதுவரை பொறுத்திருந்தால் போதாதா?
– வாசகி, பாண்டிச்சேரி

ப: நிற்கும் வயது என்று ஒன்றைக் குறித்துவைத்துக் காத்திருக்க முடியாது. விஸ்டம் என்ற லேசான் அல்பட்ராஸ் பறவைக்கு 1956-ல் மிட்வே தீவில் கால்வளையம் மாட்டினார்கள். அப்போதே அவள் வளர்ந்த பறவை. 2024 கடைசியில், 74 வயது மதிக்கத்தக்க நிலையில், மறுபடி முட்டையிட்டாள்! ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த இனம் வருடத்துக்கு ஒரு முட்டைக்கு மேல் இடாது, சில வருடம் இடாமலும் விடும். கடலெல்லாம் பறந்து இரை தேடும். வயது அவளைச் சாய்க்கவில்லை. நம் கூண்டுப் பெட்டையைச் சாய்ப்பது வயதோடு சேரும் ஓய்வில்லாமை.

கே: எங்கள் வீட்டுப் பச்சைக்கிளிக்கும் முட்டைத் தொல்லை. மருத்துவரிடம் போகப் பயமாக இருக்கிறது.
– பெயர் வேண்டாம்

ப: நம் நாட்டுக் கிளியைக் கூண்டில் வைப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். உங்கள் பயத்துக்காக அவள் வலி தாங்கக் கூடாது. வனத்துறையிடம் நீங்களே போய்ச் சொல்லி ஒப்படையுங்கள். அவளுக்குச் சிகிச்சை கிடைக்கட்டும்.

கே: எங்கள் ஊரில் பறவை பார்க்கும் மருத்துவர் இல்லை. எங்கே போவது?
– வாசகர், பட்டுக்கோட்டை

ப: உங்களுக்கு ஒரத்தநாடு பக்கம். சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய ஊர்களின் கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் சிகிச்சைப் பிரிவு உண்டு. பறவை நன்றாக இருக்கும்போதே ஒருமுறை விசாரித்து வையுங்கள். தரையில் உட்கார்ந்த பிறகு தேடத் தொடங்கினால் நேரம் போதாது.

கே: சென்ற மாதம் எங்கள் காக்டெயில் முட்டை அடைத்து இறந்துவிட்டாள். 10 வயது. வயதாகிவிட்டது, அதனால் சோர்ந்திருக்கிறாள் என்று நினைத்து இரண்டு நாள் விட்டுவிட்டேன். என் தவறுதானா அக்கா?
– வாசகி, திருச்சி

ப: உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன், ஏனென்றால் இதே கடிதத்தை நானும் எழுதியிருக்க முடியும்.

என் பறவை தங்கத்துக்கு 11 வயது. ஒரு மாலை கம்பியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தாள். நான் மறுநாள் காலைதான் கொண்டுபோனேன். முதலில் போன இடத்தில், "வயசாயிடுச்சும்மா" என்று சொல்லி டானிக் கொடுத்து அனுப்பினார்கள். நானும் நம்பித் திரும்பி வந்தேன். இரண்டாவது இடத்தில் எக்ஸ்-ரே எடுத்தபோது முட்டை தெளிவாகத் தெரிந்தது. ஊசி போட்டார்கள். அவள் உடம்பில் அதைத் தாங்கும் தெம்பு மிச்சமில்லை.

பறவைகள் நோயை மறைக்கும். காட்டில் சோர்வு காட்டினால் பருந்து தூக்கிவிடும் என்பதால் கடைசிவரை மறைக்கப் பழகியவை. நாம் பார்க்கும் நேரத்தில் நோய் முக்கால் வழி வந்திருக்கும். தெரிந்தே நீங்கள் விடவில்லை. தெரியாமல் போனது உண்மை. இரண்டும் ஒன்றல்ல. அழுங்கள், ஆனால் உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். "வயசாயிடுச்சு" என்பது நோயின் பெயர் அல்ல. யார் சொன்னாலும், எக்ஸ்-ரே எடுக்கலாமா என்று திருப்பிக் கேளுங்கள். கிராம் கணக்குக் காட்டும் சமையலறைத் தராசு ஒன்று வாங்குங்கள். வாரம் ஒருமுறை, ஞாயிறு காலை தீவனம் வைக்கும் முன், பெட்டையை அதில் ஏற்றி எடையைக் காலண்டரில் எழுதுங்கள். 90 கிராம் காக்டெயில் 81-க்கு இறங்கினாலும், திடீரென்று ஓரிரு நாளில் 5, 6 கிராம் ஏறினாலும், அன்றே மருத்துவரிடம் கிளம்புங்கள்.